குட்டி யானையின் முதுகுத் தட்டி

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.



இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசப்போறோம். தினமும் பாத்திருப்பீங்க, ஆனா கவனிச்சிருக்க மாட்டீங்க. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி சின்ன லோடு வண்டிகள்ல டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒரு கண்ணாடி இருக்கும். அந்தக் கண்ணாடிக்கும் லோடுக்கும் நடுவுல ஒரு இரும்புச் சட்டம் நிக்கும். அதுல நாலஞ்சு கம்பி ஓடும், இல்லைன்னா வலை அடிச்சிருக்கும். அதுதான் இன்னைக்கு விஷயம்.

இதுக்குப் பட்டறைக்குப் பட்டறை பேர் மாறும். கார்டும்பாங்க, கிரில்லும்பாங்க, ஜாலின்னும் சொல்வாங்க. நான் இந்த எபிசோட் முழுக்கத் ‘தட்டி’ன்னு சொல்றேன். நம்ம ஊர்ல வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பா நிறுத்துறதைத் தட்டின்னுதானே சொல்வோம். இதுவும் ஒரு மறைப்புதான்.

ஒரு கம்பித் தட்டிக்கு எதுக்கு ஒரு முழு எபிசோட்னு கேக்கலாம். கடலூர்ல இருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். பழைய நம்பர்ல 45ஏ, இப்போ 32-ஆம் நெடுஞ்சாலை. அந்த ரோட்ல காலையில நின்னு பாருங்க. முடசலோடை, அன்னங்கோயில் பக்கத்து மீன், பண்ருட்டிப் பலா, காட்டுமன்னார்கோயில் நெல், கட்டடக் கம்பி, வீடு மாத்துறவங்களோட பீரோ, எல்லாம் இந்தச் சின்ன வண்டிகள்லதான் போகுது. ஒவ்வொரு வண்டியிலும் லோடுக்கும் டிரைவரோட பிடரிக்கும் நடுவுல நிக்கிறது இந்தத் தட்டி மட்டும்தான். அந்தப் பிடரியைக் காப்பாத்துறது யாரோட வேலைன்னு சாலையில யாரும் ஒழுங்கா முடிவு பண்ணதே இல்லை. அதுதான் இந்தத் தட்டியோட வரலாறு.

மாட்டு வண்டிக்கு இல்லாத பிரச்சினை

முதல்ல ஒரு கணக்கு. பார வண்டி, அதாவது சுமை ஏத்துற மாட்டு வண்டி, மணிக்கு 4 கிலோமீட்டர் போகும். வண்டியோட ரெண்டு ஓரத்திலும் முளைக்கம்பு நட்டிருப்பாங்க, வைக்கோலோ மூட்டையோ பக்கவாட்டுல சரியாம இருக்க. ஓட்டுறவர் முன்னால உக்காந்திருப்பார். பல நேரம் மூட்டை மேலேயே உக்காந்திருப்பார். அவரைச் சரக்குகிட்ட இருந்து காப்பாத்த எதுவும் தேவைப்படலை. மாடு சட்டுனு நின்னாலும் மூட்டை முன்னால பாயாது.

இப்போ அதே மூட்டையை 60 கிலோமீட்டர் வேகத்துல வைங்க. வேகம் 15 மடங்கு. ஆனா அடியோட பலம் வேகத்தின் வர்க்கமா ஏறும். 15-ஐ 15-ஆல் பெருக்கினா 225. அதாவது 225 மடங்கு அடி.

இன்னும் எளிமையா சொல்றேன். கட்டாத ஒரு பண்ருட்டிப் பலாப்பழம் பின்னால கிடக்கு. வண்டி 60-ல போய் எதுலயோ மோதி நிக்குது. வண்டி நின்னாலும் பழம் 60-லயே போய்க்கிட்டிருக்கும். அந்த வேகம், பழத்தைச் சுமார் 14 மீட்டர் உயரத்துல இருந்து கீழே போட்டா தரையைத் தொடும்போது எவ்வளவோ அவ்வளவு. நாலு மாடிக்கு மேல இருந்து விழுற பலாப்பழம். விழுற இடம் கண்ணாடி, அதுக்குப் பின்னால ஒரு மனுஷனோட தலை.

நாம வாங்கின வேகம் சரக்கைச் சீக்கிரம் கொண்டுபோச்சு. கூடவே சரக்கையே ஒரு ஆயுதமாகவும் மாத்திடுச்சு.

லாரிக்குச் சுவர், பிக்கப்புக்குக் கண்ணாடி

பெரிய லாரியில இந்தப் பிரச்சினைக்கு ஒரு பழைய விடை இருந்தது. அது எங்கிருந்து வந்ததுன்னு பாக்கணும்னா, நம்ம ஊர்ல வண்டியும் பாடியும் எப்படிப் பிரிஞ்சு வளர்ந்ததுன்னு பாக்கணும்.

சென்னையில் சிம்சன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 1903-ல் அங்கே வேலை செய்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். கோச்சு செய்த கைகள்தான் மோட்டார் வண்டிக்கும் பாடி செய்யப் பழகின. பிறகு 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து லாரி முழுசா வெளியே வராது. எஞ்சின், சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், இவ்வளவுதான் வரும். அதுக்குப் பேர் சேசிஸ். கேபினே இல்லாத அந்தச் சேசிஸை, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, வெயில்லயும் புழுதியிலயும் பாடி கட்டுற ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போற டிரைவர்களை உங்க அப்பா, தாத்தா காலத்து ஆட்கள் பாத்திருப்பாங்க. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் மரமும் இரும்பும் சேர்த்து லாரிக்குப் பாடி கட்டினாங்க.

அப்படிக் கட்டின லாரியில, சரக்கு ஏத்துற பெட்டிக்கு முன்பக்கம் உயரமா ஒரு பலகைச் சுவர் இருக்கும். கேபினுக்கும் தனியா ஒரு முதுகுச் சுவர். ஆக டிரைவருக்கும் சரக்குக்கும் நடுவுல ரெண்டு சுவர். தச்சரும் கொல்லரும் அனுபவத்துல வச்ச பாதுகாப்பு அது.

பிக்கப் வேற வம்சம். 1925 ஏப்ரல்ல அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி தன்னோட மாடல் டி கார்ல பின்பக்கத்தை எடுத்துட்டு ஒரு இரும்புப் பெட்டியை மாட்டி வித்தது. விலை 281 டாலர். கம்பெனி நேரடியா கொடுத்த முதல் ஃபோர்டு பிக்கப் அதுதான். அதுக்கு முன்னாடி விவசாயிகள் தாங்களே காரை அறுத்துப் பெட்டி மாட்டிக்கிட்டிருந்தாங்க.

இங்கதான் விஷயம் இருக்கு. லாரி, வண்டியிலிருந்து வளர்ந்தது. அதனால சுவரோட வந்தது. பிக்கப், காரிலிருந்து வளர்ந்தது. அதனால கண்ணாடியோட வந்தது. கார்ல பின் கண்ணாடி எதுக்கு? பின்னால வர்ற வண்டியைப் பாக்க. காருக்குப் பின்னால இரும்புக் கம்பியோ ஐஸ் பெட்டியோ கிடக்காது. காரோட வசதியையும் லாரியோட வேலையையும் ஒரே உடம்புல சேர்த்தப்போ, நடுவுல இருந்த சுவர் காணாமப் போச்சு. அந்தச் சுவருக்குப் பதிலா பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டதுதான் இந்தத் தட்டி.

தலைவலின்னு ஒரு கூப்பாடு

அமெரிக்காவில் இந்தத் தட்டிக்கு வச்சிருக்கிற பேர் சிரிப்பா இருக்கும். ‘ஹெட்ஏக் ரேக்’. தலைவலித் தட்டி. தலைவலி வராம தடுக்கிறதுன்னு எடுத்துக்கலாம். ஆனா எண்ணெய்க் கிணறு தோண்டுற இடங்கள்ல அந்தச் சொல் இன்னொரு விதமா வாழ்ந்தது. பழைய கிணறு தோண்டும் இயந்திரங்கள்ல தலைக்கு மேல ஏறி இறங்குற ஒரு பெரிய உத்தரம் இருக்கும். அது கீழே வந்து ஆளோட தலையில இறங்காம இருக்க ஒரு தூண் நிறுத்துவாங்க. அந்தத் தூணுக்குப் பேர் ‘ஹெட்ஏக் போஸ்ட்’. மேலேருந்து ஏதாவது விழுந்தா ‘ஹெட்ஏக்!’னு கத்துறதும் அந்தத் தொழில்ல வழக்கம். நம்ம கட்டட வேலையில ‘மேலே பாரு!’ன்னு குரல் கொடுக்கிற மாதிரி.

ரொம்ப நாள் இது தொழிலாளியோட சொல்லா இருந்தது. அப்புறம் விதியாகவும் ஆச்சு. அமெரிக்காவில் வணிக வண்டிகளுக்கான மத்திய விதி, சரக்கு முன்சுவரைத் தொட்டுக்கிட்டு நின்னா அந்தச் சுவர் எப்படி இருக்கணும்னு சொல்லுது. தரையிலிருந்து 4 அடி உயரம், இல்லைன்னா சரக்கு முன்னால பாயாம தடுக்கிற உயரம், ரெண்டுல எது குறைவோ அது. 6 அடிக்குக் குறைவான சுவர்னா, சரக்கோட எடையில பாதி அளவு விசையைத் தாங்கணும். சரக்குல எந்தப் பொருளும் நுழைஞ்சு போற அளவுக்கு அதுல ஓட்டை இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம ஊர்த் தட்டியில கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி இருக்கும். மூட்டைக்கு அது போதும். கட்டடக் கம்பி ஏத்தினா அது தட்டியே இல்லை, வெறும் வாசல்.

2005-ல் வந்த யானை

நம்ம பக்கம் சின்ன லோடு வண்டிகள் படிப்படியா வந்தது. 1980-கள்ல ஜப்பான் கம்பெனிகளோட கூட்டுல ஸ்வராஜ் மஸ்டா, டிசிஎம் டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி மாதிரி நடுத்தர வண்டிகள் இறங்கின. டாடா 1986-ல் 407-ஐக் கொண்டுவந்தது. 1988-ல் டாடாமொபைல். ஆனா தெருவுக்குள்ள நுழையற வேலையை ரொம்ப நாள் மூணு சக்கர வண்டிதான் பண்ணுச்சு.

2005 மே மாசம் டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைச் சக்தி, 750 கிலோ லோடு. இந்தியில் அதைச் சோட்டா ஹாத்தின்னாங்க, நாம குட்டி யானைன்னு கூப்பிட்டோம். 2011-ல் அசோக் லேலண்டோட தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் இன்னும் பெரிய லோடுக்கு ஆச்சு.

கடலூர்க் கரைக்கு அது ஒரு விசித்திரமான காலம். 2004 டிசம்பர் 26 சுனாமி நடந்து அஞ்சு மாசம்கூட முழுசா ஆகலை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, கிள்ளை பக்கமெல்லாம் படகையும் வலையையும் திரும்பச் சேர்த்துக்கிட்டிருந்த நேரம். அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல, கரையில இருந்து மார்க்கெட் வரைக்கும் மீன் போற வழியில நாலு சக்கரச் சின்ன வண்டி ஒரு பழகின காட்சியா ஆயிடுச்சு. லோன் போட்டு ஒருத்தர் ஒரு வண்டி வாங்கலாம், தானே ஓட்டலாம். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

இந்த ஒரு மாற்றம் ரொம்ப முக்கியம். பெரிய லாரியில டிரைவர் வேற, ஓனர் வேற. குட்டி யானையில பெரும்பாலும் ரெண்டு பேரும் ஒரே ஆள். அதனால தட்டிக்கு ஆகிற செலவு யார் தலையிலன்னு சண்டை இல்லை. தன் பிடரியைக் காப்பாத்த அவரே காசு போடணும். டியூ கட்டவேண்டிய மாசத்துல, தட்டியைப் பலப்படுத்துறதா, லோடு பாடிக்குத் தகடு அடிக்கிறதான்னு கேள்வி வந்தா, தகடு ஜெயிக்கும். தகடு வண்டியோட மறுவிலையைக் காப்பாத்தும். தட்டி காப்பாத்துறதுக்கு விலைப்பட்டியல் கிடையாது.

உள்ளே ஒரு தகடு

தகடுன்னு சொன்னேன்ல. லோடு பாடியோட தரை மெல்லிய இரும்பு ஷீட். கல், கம்பி, டிரம் எல்லாம் இழுத்து இழுத்து அது பள்ளமாகும், பெயின்ட் போகும். அதனால அதுக்கு மேல இன்னொரு அடுக்கு போடுவாங்க. அமெரிக்காவில் பிளாஸ்டிக்ல வார்த்த தொட்டியை உள்ள இறக்கி வைப்பாங்க, இல்லைன்னா ரப்பர் மாதிரி இறுகுற கலவையை ஸ்பிரே பண்ணுவாங்க. நம்ம ஊர்ல மேடு மேடா கோலம் போட்ட மாதிரி இருக்கிற செக்கர் பிளேட்டை விரிச்சு அங்கங்க வெல்டு வைப்பாங்க. சிலர் அதுக்கும் மேல ரப்பர் மேட் போடுவாங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மீன் வண்டியில ஐஸ் உருகி உப்புத்தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். செக்கர் பிளேட்டுக்கும் பழைய தரைக்கும் நடுவுல அது இறங்கினா வெளியே வர வழி இல்லை. மேல பாத்தா தகடு பளபளன்னு இருக்கும். அடியில இருக்கிற நிஜத் தரை அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். கடலோரத்துக் காத்துலயே உப்பு இருக்கு, கூட மீன் தண்ணியும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.

சரக்கைத் தாங்கப் போட்ட கவசம், வண்டியோட எலும்பு எப்படி இருக்குன்னு பாக்கவிடாம மறைச்சிடுது. தட்டியை மாட்டுறது அந்த மறைஞ்ச எலும்பு மேலதான்.

பரங்கிப்பேட்டையில் ஒரு இரும்பு ஆலை

தட்டியை எப்படி மாட்டணும்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த இரும்பைப் பத்தி ஒரு கதை. இதே சாலையில, சிதம்பரத்துக்குப் பக்கத்துல நடந்தது.

ஜோசியா மார்ஷல் ஹீத் என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் மதராஸ் மாகாண அதிகாரியாக இருந்தவர். விலங்குகளிலும் பறவைகளிலும் ஆர்வம் உள்ளவர். ஒரு மஞ்சள் வௌவால் இனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் போர்ட்டோ நோவோவில், அதாவது நம் பரங்கிப்பேட்டையில், ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி. இந்தியாவில் அந்த முறையில் பெரிய அளவில் இரும்பு செய்ய நடந்த ஆரம்ப முயற்சிகளில் அது முக்கியமானது. ஆனால் அது லாபமாக நிலைக்கவில்லை. கை மாறி, பெயர் மாறி, 19-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துபோனது.

ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகை உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால், விலை குறைந்த இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும், அந்த எஃகை இரும்போடு பற்றவைக்கவும் முடியும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஷெஃபீல்டு ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவர் காப்புரிமையில் எழுதிய வடிவத்தை விட்டுவிட்டு, அதே பொருட்களைத் தனித்தனியாகப் போட்டு, ‘இது வேறு முறை’ என்றார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851-ல் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

இன்னைக்குப் பட்டறையில வெல்டு வைக்கிற சாதாரண எம்.எஸ். பைப்புலயும் ஆங்கிள்லயும் மாங்கனீசு இருக்கு. பரங்கிப்பேட்டை ரோட்டுல ஒருத்தர் குட்டி யானைக்குத் தட்டி பத்தவைக்கிறார்னா, அதே ஊர்ல தோத்துப்போன ஒருத்தர் பிறகு கண்டுபிடிச்ச விஷயம் அந்த இரும்புக்குள்ள இருக்கு. அவரோட கண்டுபிடிப்பே எதை எதோட சேர்த்தா ஒட்டும்ங்கறதுதான். தட்டி மாட்டுற வேலையும் கடைசியில அந்தக் கேள்விதான்.

தட்டி எதன் மேல் நிற்கிறது?

இப்போ வேலைக்கு வருவோம். உள்தகடு போட்ட லோடு பாடியில தட்டியை மாட்டுறப்போ எல்லாத் தப்பும் ஒரே இடத்துலதான் நடக்குது. தட்டியோட கால், தகடு மேல நிக்குது. தகடு எதுலயும் சரியாப் பிடிச்சிருக்காது.

அதனால முதல் வேலை, மேட்டைச் சுருட்டி, தகட்டோட ஓரத்தைத் தூக்கி, அடியில எப்படி இருக்குன்னு பாக்குறது. வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தா தரையைத் தாங்குற குறுக்குச் சட்டங்கள் தெரியும். தட்டியோட கால் அந்தச் சட்டத்துக்கு நேரா வரணும். வெறும் ஷீட் மேல கால் வச்சா, பெரிய அடி விழுறப்போ போல்ட் அறாது, ஷீட்டே கிழிஞ்சு தட்டியோட சேர்ந்து கேபினுக்குள்ள போகும். சட்டத்துக்கு நேரா வைக்க முடியலைன்னா, அடியில உள்ளங்கையை விடப் பெரிசா ஒரு தடித்த தகடு கொடுத்து, அதோட சேர்த்து போல்ட் போடணும்.

ரெண்டாவது, உள்அடுக்கு பிளாஸ்டிக்கா ரப்பரான்னு பாக்கணும். அது மேலயே போல்டை இறுக்கினா அன்னைக்கு டைட்டா இருக்கும். வெயில்ல பிளாஸ்டிக் நசுங்கி நசுங்கி ஒரு மாசத்துல போல்ட் லூஸாகும். அதனால கால் நிக்கிற இடத்துல அந்த அடுக்கை மட்டும் வெட்டி எடுத்துட்டு, இரும்பு இரும்பைத் தொடுற மாதிரி வைக்கணும். வெட்ட மனசில்லைன்னா போல்டுக்கு ஒரு இரும்புப் புஷ் கொடுக்கணும். இறுக்கம் புஷ்ஷோட நின்னுடும், பிளாஸ்டிக்கை நசுக்காது.

மூணாவது, துளை போட்ட ஓரம். அதுதான் உப்பு நுழையற வாசல். பிரைமர் அடிச்சு, சீலன்ட் வச்சு, அப்புறம்தான் போல்ட். தரையில தண்ணி வடியிற ஓட்டைகளை அடைச்சிடக் கூடாது. வெல்டு வைக்கிறதா இருந்தா முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும், அடியில டீசல் பைப்பும் ஒயரிங்கும் எங்க ஓடுதுன்னு பாக்கணும்.

நாலாவது, பலரும் விடுற ஒண்ணு. கேபினும் லோடு பாடியும் ஒரே சேசிஸ் மேல தனித்தனியா உக்காந்திருக்கு. மேடு பள்ளத்துல ரெண்டும் வேற வேற மாதிரி ஆடும். தட்டியைக் கேபினோட சேர்த்துக் கட்டினா, ஒண்ணு கேபின் ஷீட் விரியும், இல்லைன்னா கண்ணாடி விரிசல் விடும். தட்டி லோடு பாடியோட நிக்கணும். கேபினுக்கும் அதுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி இருக்கணும்.

கடைசியா, வலை. ஏத்துற பொருள்ல மிகச் சின்னது எதுவோ அது நுழையாத அளவுக்கு வலை இருக்கணும், பின்னால பாக்கவும் முடியணும். மாட்டின பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கணும். இதையும் பெரும்பாலும் யாரும் பண்றதில்லை.

தட்டி கைப்பிடியாகும்போது

இவ்வளவு சரியா மாட்டினாலும், தட்டியை நாம அதோட வேலைக்கு மட்டும் விடுறதில்லை. கட்டடக் கம்பி 12 மீட்டர் நீளம். குட்டி யானையோட லோடு பாடி சுமார் 7 அடி. கம்பியை மடிச்சாலும் இடம் பத்தாது. அதனால தட்டி மேல சாய்ச்சு, கேபின் கூரைக்கு மேல நீட்டிவிடுவாங்க. தடுக்க வச்ச தட்டி இப்போ தாங்குற தூணாயிடுச்சு.

பின்னால நீட்டிக்கிட்டிருக்கிற கம்பி, அடுத்த வண்டிக்காரரோட கண்ணாடிக்குள்ள போகும். முன்னாடி மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 93-ஆம் விதி, சரக்கு பின்பக்கம் 1 மீட்டர் வரைக்கும் நீட்டிக்கிட்டிருக்கலாம்னு அனுமதிச்சது. நீட்டுக் கம்பிகளால நடந்த சாவுகளை வச்சு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல வழக்கு போன பிறகு, 2014-ல் அந்த அனுமதி எடுக்கப்பட்டது. விதி மாறிடுச்சு. சிவப்புத் துணி கட்டின கம்பியை நீங்க இன்னைக்கும் ரோட்ல பாக்குறீங்க.

தட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஆட்கள் நிப்பாங்க. லோடுமேன் நிப்பார். நடவுக்கும் களையெடுக்கவும் போற பெண்கள் இருபது பேர் நிப்பாங்க. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊரே நிக்கும். பஸ் வராத நேரத்துல, பஸ் போகாத ஊருக்கு, குட்டி யானைதான் பஸ். சரக்கு முன்னால பாயாம தடுக்கப் போட்ட கம்பியை, தானே சரக்கா மாறின மனுஷன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். வண்டி மோதினா அந்தக் கம்பியிலதான் அவர் நெஞ்சு போய் அடிக்கும்.

இதுக்கு இன்னொரு விலையும் இருக்கு. 2002 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சரக்கு வண்டியில இலவசமாப் போற பயணி இறந்தா, இழப்பீடு கொடுக்கிற பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லைன்னு. 1994-ல் வந்த சட்டத் திருத்தம், சரக்கோட சொந்தக்காரரையும் அவரோட பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள்ள கொண்டுவந்தது. அவ்வளவுதான். வெறும் கையோட நடவுக்குப் போற அக்கா அதுக்குள்ள வரமாட்டாங்க. அவங்க குடும்பம் வண்டி ஓனர்கிட்ட கேக்கலாம். அந்த ஓனர்கிட்ட இருக்கிறதே கடன்ல வாங்கின அந்த ஒரு வண்டிதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சரி, சட்டம் டிரைவரோட பிடரியைப் பத்தி என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாச் சொன்னது. 2017 டிசம்பர்ல கார் முன்னால மாட்டுற பம்பர் கார்டுகள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் நியாயமானது. அந்த கார்டு, நடந்து போறவரை இன்னும் மோசமா அடிக்கும்.

முன்னால இருக்கிற இரும்பு வெளியே இருக்கிறவரைக் கொல்லும். பின்னால இருக்கிற இரும்பு உள்ளே இருக்கிறவரைக் காப்பாத்தும். வண்டியோட வர்ற தட்டியைப் பழுது பாக்குறது ஒண்ணு, உயரத்தையும் எடையையும் மாத்துற மாதிரி புதுசா கட்டுறது வேற. ரெண்டாவதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டுச் செய்யணும். ஆனா எஃப்.சி. காட்டுற அன்னைக்குப் பயந்து, கட்டின தட்டியைக் கழட்டி வச்சுட்டு அப்புறம் அவசரமா ரெண்டு போல்டுல மாட்டிக்கிறவங்களும் உண்டு. அந்த ரெண்டு போல்ட் ரொம்ப ஆபத்து.

இன்னொண்ணு சொல்றேன். 2023-ல் வந்த அறிவிக்கைப்படி, 2025-லிருந்து செய்யப்படுற லாரிகளோட கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம், நூறு வருஷத் தாமதம்னாலும். ஆனா அது என்2, என்3 வகைகளுக்கு. மொத்த எடை 3.5 டன்னுக்குள்ள இருக்கிற வண்டிகள் என்1. நம்ம குட்டி யானை அந்தப் பட்டியல்ல இல்லை. பெரிய லாரிக்குச் சுவரும் கிடைச்சது, குளிரும் கிடைச்சது. சின்ன வண்டிக்காரர் இன்னும் கண்ணாடிக்கு முன்னால வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கார்.

நாம எங்கே வர்றோம்?

இதைக் கேக்கிற பலர் சென்னையிலயோ கோவையிலயோ பெங்களூருலயோ இருப்பீங்க. வீடு மாத்த ஒரு குட்டி யானையைப் போன்ல புக் பண்ணுவீங்க. ஃபிரிட்ஜ், பீரோ, புத்தகப் பெட்டி, சிலிண்டர் எல்லாம் ஏறும். ஃபிரிட்ஜுல கீறல் விழக் கூடாதுன்னு போர்வை சுத்துவோம். ‘அண்ணே, பாத்துக் கட்டுங்க’ன்னு சொல்லுவோம். அந்தப் ‘பாத்து’ ஃபிரிட்ஜுக்காக.

அடுத்த தடவை ரெண்டு நிமிஷம் கூட நில்லுங்க. கனமான பொருள் முன்பக்கம் தட்டியை ஒட்டி, இடைவெளி இல்லாம இருக்கான்னு பாருங்க. இடைவெளி இருந்தாத்தான் பொருள் வேகம் எடுத்து வந்து அடிக்கும். சிலிண்டரும் சின்னப் பொருளும் தட்டி உயரத்துக்கு மேல போகாம இருக்கட்டும். கயிறு தட்டியில இல்லாம, லோடு பாடியோட கொக்கியில கட்டியிருக்கான்னு பாருங்க. இன்னொரு ட்ரிப் அடிக்கணும்னு டிரைவர் சொன்னா, ஒரே ட்ரிப்ல முடிங்கன்னு பேரம் பேசாதீங்க. அவர் பிடரிக்குப் பின்னால எவ்வளவு உயரம் அடுக்கலாம்னு அந்த நிமிஷத்துல முடிவு பண்றது பாதி நீங்கதான்.

வண்டி வச்சிருக்கிற நண்பர்கள் யாராவது கேட்டா, ஒரு வேலை. இந்த ஞாயித்துக்கிழமை மேட்டைச் சுருட்டி, தகட்டைத் தூக்கி, தட்டியோட கால் எது மேல நிக்குதுன்னு பாருங்க. பாத்ததை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.